கல் என்றால் நேற்றா, நாளையா?

போன வாரம் பழைய ஆபீசிலிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. அனுப்பியது நேஹா என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். நான் முகம் பார்த்ததில்லை. 'சார், நீங்கள் எழுதின ஸ்கிரிப்ட்டை ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தேன். வேலை செய்வது ஆறு வரி, சந்தேகப்படுவது தொண்ணூறு வரி என்கிறது. அந்தத் தொண்ணூறையும் எடுத்துவிடலாமா?'

'எடுக்காதே' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிற மனிதனிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒற்றைச் சொல்லோடு விடுவானா? சாம்பாருக்கு உப்பு போதுமா என்றுகூட என்னிடம் யாரும் கேட்பதில்லை. எனவே நேஹாவுக்கு விரிவாகவே எழுத உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்பது மூன்றாவது பக்கத்தில்தான் உறைத்தது. வீணாக வேண்டாம் என்று உங்களுக்குத் தருகிறேன்.

நான் பிறந்தது மும்பை தாராவி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தேன்; பெயர் வேண்டாம், இன்னும் பென்ஷன் பேப்பர் ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது. யாரோ ஜெராக்ஸ் எடுத்து யாரோ விட்டுப்போன ஒரு லினக்ஸ் கையேட்டை, நடுவில் நாற்பது பக்கம் இல்லாமலே படித்து முடித்தேன். அந்த நாற்பது பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. இருந்தாலும் ஆறு வருஷத்தில் 'சிஸ்டம்ஸ்' என்று போர்டு போட்ட அறையில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. பயிற்சி அவ்வளவுதான்.

வேலை ஸ்கிரிப்ட் எழுதுவது. ஸ்கிரிப்ட் என்பது கம்ப்யூட்டருக்கு எழுதிவைக்கும் வேலைக் குறிப்பு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேலையைச் செய்துவிடும். கூப்பிடும்போதே பின்னால் இரண்டு கோடு போட்டு, நமக்கு எப்படி வேண்டும் என்றும் சொல்லலாம். மாட்டுங்காவில் காபி சொல்லும்போது 'சர்க்கரை கம்மி, டிகாஷன் தூக்கலா' என்கிறோமே, அந்த மாதிரி. இதற்கு ஆப்ஷன் என்று பெயர். ஆனால் ஒரு வித்தியாசம். 'சர்க்கரை மைனஸ் மூணு ஸ்பூன்' என்று சொன்னால் ஹோட்டல் சர்வர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கம்ப்யூட்டர் பார்க்காது. நேரே போய்ப் பக்கத்து டேபிள்காரர் டம்ளரிலிருந்து மூன்று ஸ்பூன் சர்க்கரையை எடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வந்து நிற்கும். அந்த ஏற இறங்கப் பார்க்கிற பார்வையை எழுதிவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் லலிதா மேடம். எங்கள் பிரிவின் தலைவி, மாட்டுங்கா பாலக்காட்டுக் குடும்பம். இருபது வருஷத்தில் ஒருமுறைகூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன். அந்த வாய்ப்பையே அவர் தரவில்லை.

யார் ஸ்கிரிப்ட் எழுதினாலும் அவர் பார்த்த பிறகுதான் அது வேலைக்குப் போகும். என் நாற்காலியில் அவர் உட்காருவார், நான் நிற்க வேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றி கீபோர்டுக்கு இடப்பக்கம் வைப்பார். முதலில் ஸ்கிரிப்ட்டின் பெயரை மட்டும் அடிப்பார், ஆப்ஷன் ஒன்றுகூடக் கொடுக்கமாட்டார். பிறகு ஆப்ஷனைத் தப்பான எழுத்தில் அடிப்பார். பிறகு 'தேதி' என்று சொல்லிவிட்டுத் தேதியைச் சொல்லாமல் எண்டர் தட்டுவார். ஒரே ஆப்ஷனை இரண்டு தடவை, இரண்டு வேறு மதிப்போடு கொடுப்பார். கடைசியாக பிப்ரவரி முப்பத்தொன்று. எதற்காவது ஸ்கிரிப்ட் மறுப்புச் சொல்லாமல் ஓடிவிட்டால் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்வார்.

"செல்வராஜ், எல்லாத்துக்கும் தலையாட்டறதே. இது ஸ்கிரிப்ட்டா, புது மாப்பிள்ளையா?"

"மேடம், பிப்ரவரி முப்பத்தொண்ணுன்னு யாரு அடிக்கப் போறாங்க?"

"நான் அடிச்சேனே."

மறுப்பதற்கும் அவரிடம் முறை உண்டு. 'தவறு' என்று மட்டும் சொல்லக்கூடாது. நீ கொடுத்தது இது, எனக்கு வேண்டியது இது, உதாரணம் இது என்று மூன்றையும் சொல்லி, எதையும் தொடாமல் வெளியேற வேண்டும். பாதி வேலையைச் செய்துவிட்டு மறுப்பது மகா பாவம். "வேண்டாம்னு சொல்றவா வாசல்லயே சொல்லிடணும். உள்ள வந்து சாப்ட்டு எழுந்தப்பறம் சொல்லப்படாது" என்பார். முகம் கோணாமல் மறுப்பதற்கு ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கியிருக்கிறேன். இன்றுவரை எனக்கு வராத கலை அது.

இனி என் சாதனைக்கு வருகிறேன்.

எங்கள் குளிர்பெட்டி அறையில் ரத்தக் குழாய்கள் வரிசையாக நிற்கும். நேற்று வரை வந்தவற்றில் வேலை முடிந்தவற்றை ஒவ்வொரு நாளும் அகற்ற வேண்டும். எவற்றை என்று ஒரு ஸ்கிரிப்ட் பட்டியல் அச்சிடும். அந்த அறையைப் பார்த்துக்கொண்ட சுரேகா, எந்தத் தேதிவரை என்று சொல்வாள். வருஷம், மாதம், நாள் என்று பத்து எழுத்து அடிக்க அவளுக்கு அலுப்பு.

"சார், கல்னு அடிச்சா புரிஞ்சுக்காதா அது?" என்று இந்தியில் கேட்டாள்.

இந்தியில் 'கல்' என்றால் நேற்று. நாளை என்றாலும் அதே 'கல்'தான். நேற்றையும் நாளையையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு ஒரு ஊர் முழுக்க ரயிலைப் பிடித்து ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறது. எப்படி என்று தாராவிக்காரனான நான் கேட்டதே இல்லை. பேசும்போது வினைச்சொல் வந்து காப்பாற்றிவிடும். ஆப்ஷனில் வினைச்சொல் கிடையாது.

இது அப்போது தோன்றவில்லை. --upto kal என்று அடித்தால் போதும்படி செய்து கொடுத்தேன். சுரேகா எனக்கு ஒரு வடாபாவ் வாங்கிக் கொடுத்தாள். லலிதா மேடம் கடிகாரத்தைக் கழற்றினார்.

"கல்னா என்ன?"

"கல்லுதான் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. நான் திருத்திக்கொண்டேன். "நேத்து மேடம். தூக்கிப் போடற லிஸ்ட்டுல நாளைக்கு வர்ற ரத்தத்தையா கேப்பாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "இந்த இடத்துக்குச் சரி. இதோட நிறுத்திக்கோங்கோ" என்றார்.

நிறுத்திக்கொண்டேனா? ஆறு மாதம் கழித்து வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கிற சேவை தொடங்கியது. யார் வீட்டுக்கு எப்போது என்று பதிவு செய்ய வேறொரு ஸ்கிரிப்ட். அந்தப் பிரிவினருக்கும் 'கல்' வேண்டுமாம். அவர்களுக்கு அது நாளை. லலிதா மேடம் பத்து நாள் லீவில் இருந்தார். நானோ அப்போதுதான், ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதுவது அநாகரிகம் என்று எங்கோ படித்திருந்தேன். தேதியைப் புரிந்துகொள்ளும் பகுதியைத் தனி ஃபைலாக்கி, இரண்டு ஸ்கிரிப்ட்டும் அதையே பயன்படுத்தும்படி இணைத்தேன். பிறகு அதில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். நேற்று, நாளை ஆயிற்று. வீட்டுச் சேவையை ஓட்டிப் பார்த்தேன். அற்புதமாக ஓடியது. குளிர்பெட்டி ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்க்கவில்லை. அதைத்தான் நான் தொடவே இல்லையே!

மறுநாள் மேடமும் லீவு முடிந்து வந்துவிட்டார். பன்னிரண்டு மணி இருக்கும், சுரேகா போன் செய்தாள்.

"சார், இன்னைக்கு லிஸ்ட் ரொம்ப நீளமா வருது. ரெண்டு பங்கு இருக்கு."

நான் கான்டீனில் இருந்தேன். வாயில் பாதி சமோசா. வரலாற்றில் இடம்பெற வேண்டிய ஒரு வாக்கியத்தை இந்தியில் சொன்னேன்: "கம்ப்யூட்டர் ஜோ போலா, வோ கரோ." கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்.

அவள் செய்தாள். நாளை வரை வந்த குழாய்கள் என்றால், அன்று காலை வந்தவையும் சேர்த்தி. அவற்றிலும் வேலை முடிந்தவை மட்டும்தான் பட்டியலில் வரும், அதனால் பெரிய சேதம் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பிற்பாடு அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன். ஆனால் வெளி லேபுக்கு அனுப்பவேண்டிய குழாய்களில் எங்களுக்கு வேலையே கிடையாது. வேலை இல்லாததும் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான்.

அன்று அப்படி இருந்தவை இரண்டே குழாய்கள். தாராவியில் தோல்பை தைக்கும் முருகேசனின் மனைவி பேச்சியம்மாளுடையவை. ரத்தம் அல்ல, எலும்பு மஜ்ஜை. இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கி உறிஞ்சி எடுப்பது. மரத்துப்போக ஊசி போட்டாலும் உறிஞ்சுகிற நேரத்தில் உயிர் போகும் என்பார்கள். இரண்டு வாரமாக மாட்டேன் என்று சொல்லிவிட்டு அன்று காலைதான் வந்திருந்தாள். எந்த மருந்து கொடுப்பது என்பதை அந்த இரண்டு குழாய்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு மணிக்கு வெளி லேபின் கூரியர் ஆள் வந்தார். குழாய்களின் இடம் காலி. சுரேகா ஓடிவந்து பட்டியலைக் காட்டினாள். கடைசி இரண்டு வரியில் பேச்சியம்மாள்.

நெருக்கடியில் என் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு சான்று. நேரே கம்ப்யூட்டருக்குப் போய், நானே எழுதிய ஸ்கிரிப்ட்டிடம் உதவி கேட்டு --help என்று அடித்தேன். திரையில் வந்தது: 'எழுதியவனைக் கேட்கவும்.' ஸ்கிரிப்ட் எழுத வந்த புதிதில் குசும்புக்காக நானே எழுதி, மேடம் கண்ணில் படாமல் மறைத்த வரி. எழுதியவனைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

குழாய்ப் பைகள் ஒரு மணிக்கே வேனில் போயிருந்தன. காட்கோபரில் எங்கள் கிளையில்தான் கழிவைக் கொதிநீராவியில் வேகவைக்கும் பெரிய மெஷின் இருந்தது. மூன்று மணிக்குப் பைகளை உள்ளே தள்ளி அதை மூடிவிடுவார்கள். மெஷின் அறைக்குள் மொபைல் கூடாது. லேண்ட்லைன் அடித்துக்கொண்டே இருந்தது. லலிதா மேடம் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், "நீங்க போங்கோ" என்றார். நான் லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி, ஒரு மாடி அதிகமாக இறங்கி, பேஸ்மென்ட்டில் ஆட்டோ தேடினேன்.

இரண்டு ஐம்பதுக்குக் காட்கோபர். மெஷினைப் பார்த்துக்கொள்பவர் தத்து காகா. மராட்டியர்; காகா என்றால் சித்தப்பா. ரிடையர் ஆக ஒரு வருஷம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து அப்போதுதான் வந்து, கதவுக்குக் குறுக்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் பைகள் சிவப்புச் சிவப்பாக அடுக்கியிருந்தன.

"காகா, பையைத் திறங்க! அவசரம்!"

"எந்தப் பை? நம்பர் சொல்லு."

"தெரியாது."

"சீல் போட்ட பையை நம்பர் இல்லாம திறக்க முடியாது. சீல் நம்பர் நாலு எழுத்து. எம் நாலு ஒண்ணு ரெண்டுங்கிற மாதிரி."

"செம்பூர் பை காகா!"

"செம்பூர் பை ஒன்பது. எது?"

"எல்லாத்தையும் திறங்க!"

"'எல்லாம்'னு ஒரு நம்பர் கிடையாது. சீல் போட்டது யாரு? கையெழுத்து எங்க?"

அவர் எதையும் தொடவில்லை. முகமும் கோணவில்லை. நான் கொடுத்தது என்ன, அவருக்கு வேண்டியது என்ன, உதாரணம் என்ன என்று மூன்றையும் சொல்லிவிட்டார். வருஷக்கணக்கில் நான் எழுத முயன்றுகொண்டிருந்த ஸ்கிரிப்ட், லுங்கி கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. அதன் காலில் விழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது லேண்ட்லைன் மறுபடி அடித்தது. காகா எடுத்தார். லலிதா மேடம் சீல் நம்பர், நேரம், சுரேகாவின் கையெழுத்து விவரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். காகா எழுதிக்கொண்டு, ஒருமுறை திருப்பிப் படித்து, மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பையை எடுத்துத் திறந்தார். இரண்டு குழாய்களும் முழுசாக இருந்தன. மூடிகூட ஆடவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் ஹீரோ. ஆபீஸ் நியூஸ்லெட்டரில் என் போட்டோ வந்திருக்கும்.

வெளியே வந்தேன். ஏப்ரல் வெயில். குழாய்கள் இரண்டு மணி நேரமாகக் குளிர்பெட்டிக்கு வெளியே இருக்கின்றன. குளிர் வேண்டும், குளிர் வேண்டும் என்று மண்டைக்குள் ஒரே சத்தம். எதிரே ஒரு குல்ஃபிக்காரர். மண்பானை நிறைய ஐஸ். குழாய்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, "பய்யா, இந்த ஐஸ் எல்லாம் எனக்கு" என்று பானையோடு விலைபேசி வாங்கி, நடுவில் புதைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

குல்ஃபிக்காரர்கள் ஐஸில் பிடி பிடியாய் உப்பு போடுவார்கள். உப்பு போட்டால் ஐஸின் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே போய்விடும். அதனால்தான் பால் உறைகிறது. நான் இயற்பியல் பட்டதாரி.

லலிதா மேடம் பானைக்குள்ளிருந்து ஒரு குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். எதுவும் நகரவில்லை. மேஜையில் லேசாகத் தட்டினார். 'டொக்' என்றது.

"செல்வராஜ், இது என்ன?"

"மஜ்ஜை மேடம்."

"இல்லை. குல்ஃபி."

உறைந்தால் உள்ளே இருக்கிற உயிரணுக்கள் வெடித்துவிடுமாம். இரண்டு மணி நேர வெயில் ஒன்றும் செய்திருக்காதாம். ஒன்றுமே செய்யாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாலே போதுமாம். காலையில் மஜ்ஜை எடுத்த டாக்டர் இதை மூன்று விதமாக எனக்கு விளக்கினார். மறுபடி எடுப்பதைத் தவிர வழி இல்லை.

"நானும் கூட வரேன். ஆனா சொல்ல வேண்டியது நீங்கதான்" என்றார் மேடம்.

பேச்சியம்மாள் எங்கள் கட்டிடத்திலேயே இரண்டாம் மாடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முருகேசன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னிடம் ஏழு ஜோக் தயாராக இருந்தது. ஒன்றுகூட வாயிலிருந்து வரவில்லை. தேதியில் நான் செய்த தப்பு, சுரேகா கேட்டும் அலட்சியமாகச் சொன்ன பதில், ஐஸ் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

முருகேசன் என் சட்டையைப் பிடித்தார். "வெளயாடுதீரா ஓய்? ரெண்டு வாரமா கால்ல விழுந்து கூட்டியாந்திருக்கேன். இனி இவ வருவாளா? மருந்துக்கு நாள் ஓடுதுல்லா!"

"நான் வரமாட்டேன்" என்றாள் பேச்சியம்மாள். சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "செத்தாலும் வரமாட்டேன்."

  பிறகு அவளே என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, நீங்க எந்த ஊரு?"

"தாராவிதான்மா. பூர்வீகம் அம்பாசமுத்திரத்துப் பக்கம்."

"நீங்கதான் அந்த எழுத்தை மாத்திப் போட்டியளோ?"

"ஆமா."

"எந்தக் கையால?"

வலது கையைக் காட்டினேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"திங்கக்கெழமை வாரேன். அந்தக் கையி அங்கன இருக்கணும்."

திங்கட்கிழமை வருவதற்குள் லலிதா மேடம் பக்கத்தில் உட்கார, அந்தத் தொண்ணூறு வரியையும் எழுதினேன். 'கல்' போயிற்று. பத்து எழுத்துத் தேதி மட்டும்தான். இன்றைய தேதியோ நாளையோ கொடுத்தால் மறுப்பு. பட்டியல் வழக்கத்தைவிட நீண்டால் மறுப்பு. வெளி லேபுக்குப் போகவேண்டியது ஒன்று இருந்தாலும் மறுப்பு. சும்மா ஓட்டினால் பட்டியலைக் காட்டுமே தவிர அச்சிடாது. அச்சிடத் தனியாகச் சொல்ல வேண்டும். நேஹா, ஏஐ சொன்னது சரிதான். வேலை ஆறு வரிதான்.

பேச்சியம்மாளின் ரிப்போர்ட் வந்தது, மருந்து முடிவானது, அது அவளுக்கு ஒத்தும் போயிற்று. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதறவேண்டாம். பதறுவதற்கு அந்தத் திங்கட்கிழமை நான் இருந்தேன்.

அவள் கவிழ்ந்து படுத்தாள். என்னைத் தலைமாட்டில் ஸ்டூலில் உட்காரவைத்து, வலது கையை வாங்கிக்கொண்டாள். தோலை இழுத்து வைத்துத் தைக்கிறவரின் மனைவி. அவளும் தைப்பாள் என்பது எனக்கு யாரும் சொல்லாத தகவல். டாக்டர் ஊசியை இறக்கினார். விரல்கள் இறுகின. டாக்டர் உறிஞ்சத் தொடங்கினார். என் கைக்குள் நான்கு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றதை உணர்ந்தேன். அறையே அதிரும்படி ஒரு அலறல்.

டாக்டர் திடுக்கிட்டு, "அம்மா, ரொம்ப வலிக்குதா? நிறுத்தட்டுமா?" என்றார்.

"நான் கத்தல. அண்ணாச்சிதான். நீங்க எடுங்க" என்றாள் பேச்சியம்மாள்.

எடுத்தார்கள். லலிதா மேடம் இரண்டு குழாய்களையும் தன் கையாலேயே வாங்கினார். பேச்சியம்மாள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். என் கையை இன்னும் விடவில்லை.

"இந்தத் தடவை பத்திரமா வையுங்கம்மா. தொலைச்சியள்னா, அண்ணாச்சிக்கு இன்னும் ஒரு கையிதான் மிச்சம்."